பிளஸ் ஒன் குரூப் தேர்வு: நீலகிரிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சேர்க்கை நாளன்று மேசைக்கு எதிரே வந்து உட்காரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "எந்தக் குரூப்?" என்றுதான். அம்மா மகளின் முகத்தைப் பார்ப்பார். மகள் வாசலில் நிற்கும் தோழியைப் பார்ப்பாள். தோழி எந்தக் குரூப் எடுத்தாளோ அதுவே விண்ணப்பத்தில் ஏறிவிடும். கோத்தகிரிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்க்கைப் பணியில் இருந்த ஆண்டுகளில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அம்மா நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்து, "உயிரியல் இல்லையாமே சார், இப்போது சேர்க்க முடியாதா?" என்று கேட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

மேசை முன்னால் முடிவெடுக்க ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குரியவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டு, அங்கே என்ன குரூப் இருக்கிறது என்று கேட்கிறார்கள். முதலில் பாடம், அடுத்து பள்ளி, கடைசியில் பஸ் என்று போனால் பாதிக் குழப்பம் வராது.

1. சான்றிதழ்கள்: முடிவு வருவதற்கு முன்பே

சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை கேட்பார்கள். மதிப்பெண் சான்றிதழின் தற்காலிகப் பிரதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்; மாற்றுச் சான்றிதழைப் படித்த பள்ளி தந்துவிடும். இவை இரண்டும் தானாக வந்து சேரும்.

இழுத்தடிப்பது சாதிச் சான்றிதழ். அதை இ-சேவை மையத்தில் ஏப்ரல் மாதமே விண்ணப்பியுங்கள். மற்ற பிரிவினருக்கு வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் நேரடி விசாரணையும் இருக்கும். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த ஒரு தாளுக்காக ஜூன் மாதத்தைத் தொலைக்கிறார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள். விசாரணை விரைவாக முடியும்.

பெயரின் எழுத்துகளை இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, மாற்றுச் சான்றிதழில் இரண்டு என்று இருந்தால் பள்ளிப் பதிவில் தவறு ஏறும். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் வரை அந்தத் தவறு கூடவே போகும்.

2. குரூப்பின் பெயரை மறந்துவிட்டு நான்கு பாடங்களை எழுதுங்கள்

"ஃபர்ஸ்ட் குரூப்", "செகண்ட் குரூப்" என்ற பெயர்கள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகின்றன. ஒரு பள்ளியில் கணினி அறிவியலோடு வருவது முதல் குரூப். இன்னொன்றில் உயிரியலோடு வருவது முதல் குரூப். ஊட்டியில் படிக்கும் மாமன் மகன் "ஃபர்ஸ்ட் குரூப்" என்றான் என்பதற்காகக் கோத்தகிரியில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டு, வேறு பாடங்களில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.

அதனால் ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள். முதல் வரி மொழிப்பாடம். இரண்டாவது ஆங்கிலம். மீதி நான்கு வரிகள்தான் குரூப். ஒவ்வொரு பாடமும் 100 மதிப்பெண், மொத்தம் 600. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அக மதிப்பீட்டுக்கு 10.

பரவலாகக் கிடைக்கும் பாடச் சேர்க்கைகள் இவை: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்; இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல்; இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்; வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடுகள் அல்லது வணிகக் கணிதம்; வரலாறு, பொருளியல் முதலியவை அடங்கிய கலைப்பிரிவு. இவற்றோடு அலுவலக மேலாண்மை, வேளாண் அறிவியல், மின் பொறியியல், நர்சிங் போன்ற தொழிற்கல்விப் பிரிவுகள் சில பள்ளிகளில் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. சிறிய பள்ளியில் மூன்று பாடச் சேர்க்கை மட்டும் இருக்கலாம். அது எட்டாம் படியில் வரும் கேள்வி. இப்போது பள்ளியை நினைக்காமல் எழுதுங்கள்.

3. பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

எல்லாவற்றிலும் நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இது. பிள்ளை என்ன ஆக வேண்டும் என்று இப்போதே தீர்மானிக்கச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் அது தெரியாமல் இருப்பதே இயல்பு. எந்தக் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும், எதை மூடினாலும் வருத்தமில்லை என்று பார்த்தால் போதும்.

பொறியியல் கதவு திறக்க இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை.

மருத்துவத்துக்கு நீட் தேர்வு. அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் அடிப்படை. தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. பி.எஸ்சி. நர்சிங் படிக்க விரும்பும் பெண்கள் நம் மலையில் ஏராளம். அதற்கும் இதே மூன்று பாடங்கள் வேண்டும். "நர்சிங்தானே, நர்சிங் தொழிற்பிரிவே எடுத்துவிடலாம்" என்று அவசரப்படுவோரை ஒவ்வோர் ஆண்டும் நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறேன். தொழிற்பிரிவு நல்ல பிரிவு, அதற்குரிய வேலைகள் இருக்கின்றன. ஆனால் நான்காண்டு நர்சிங் பட்டம்தான் இலக்கு என்றால் அறிவியல் பிரிவில் சேருவதே பாதுகாப்பு.

பார்மசிக்கு இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாகக் கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். ஊட்டியிலேயே பார்மசிக் கல்லூரி இருப்பதால் இதை நினைவில் வையுங்கள். வேளாண்மையும் வனவியலும் நம் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் கதவுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில், மலையடிவாரத்திலேயே இருக்கிறது. காட்டோரத்தில் பிறந்து, யானைத் தடமும் சோலை மரமும் கண்ணால் அறிந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு எவ்வளவு பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. உயிரியலை விட்டுவிட்டால் இந்த வழிகளும் ஒடுங்கிவிடும்.

பி.காம்., பி.பி.ஏ., பட்டயக் கணக்காளர் படிப்பு ஆகியவற்றுக்கு வணிகவியல் பிரிவு நேர் வழி. அறிவியல் படித்தவரும் பிறகு பி.காம். சேரலாம். வணிகவியல் படித்தவர் பிறகு பொறியியலோ பி.எஸ்சி. நர்சிங்கோ சேர முடியாது. இது ஒருவழிப் பாதை என்பதைப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லுங்கள். அதற்காகக் கணிதத்தில் தத்தளிக்கும் பிள்ளையை "எல்லாக் கதவும் திறந்திருக்கும்" என்று அறிவியலில் தள்ளவும் வேண்டாம். தேர்ச்சி பெறாமல் போனால் எந்தக் கதவும் திறக்காது.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். அரசுத் தேர்வுகளுக்குத் தயாராக நினைப்பவருக்குக் கலைப்பிரிவு நல்ல அடித்தளம். அதை மதிப்பெண் குறைந்தவர்களின் பிரிவு என்று வீட்டில் பேசாதீர்கள். பிள்ளை காதில் விழுந்தால் இரண்டு ஆண்டும் தலை குனிந்தே பள்ளிக்குப் போகும்.

பிளஸ் ஒன் வேண்டாம், கைத்தொழில்தான் என்றால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. இந்த இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு யோசனை. கதவுகளைப் பற்றி வாயால் பேசினால் பிள்ளைக்குப் பிடிபடாது, காட்டுங்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தடுப்பூசி வேலை நடக்கிறது, அது உயிரியலும் வேதியியலும். முத்தோரை மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் வானொலித் தொலைநோக்கி இயற்பியலும் கணிதமும். அதே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தாவரவியல். குன்னூர்த் தேயிலை ஏல மையத்தில் நடப்பது வணிகவியல். வாசல்வரை போய் நின்று பார்த்தாலே பாடத்தின் பெயருக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

4. நான்காவது பாடம்: உயிரியலா, கணினி அறிவியலா

இயற்பியல், வேதியியல், கணிதம் முடிவான பிறகு பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். பரவலான தவறு இது: "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் போகிறான், அதனால் கணினி அறிவியல் எடுக்க வேண்டும்." மேலே சொன்ன 200 மதிப்பெண் கணக்கில் கணினி அறிவியல் வரவே இல்லை. உயிரியல் படித்த மாணவரும் கணினிப் பொறியியலில் சேரலாம், சேர்கிறார்கள்.

உயிரியல் எடுத்தால் பொறியியல், மருத்துவம், நர்சிங், வேளாண்மை எல்லாம் கையில் இருக்கும். விலை என்னவென்றால் படிக்க வேண்டிய அளவு அதிகம். உயிரியல் ஒரே பாடமாகத் தோன்றினாலும் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள், பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள், எழுத்துத் தேர்வில் பகுதிக்கு 35 மதிப்பெண். படம் வரைந்து பாகம் குறிக்கப் பொறுமை வேண்டும்.

கணினி அறிவியல் எடுப்பவர் நிரல் எழுதும் பழக்கத்தோடு கல்லூரிக்குப் போகிறார். பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. நோக்கினால் இது நல்ல தேர்வு. மருத்துவம் சார்ந்த எதுவும் வேண்டாம் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். உறுதி இல்லை என்றால் உயிரியல் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து.

கணிதம் வேண்டவே வேண்டாம், மருத்துவம் சார்ந்த படிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் சேர்க்கை. ஆனால் இயற்பியலுக்குள்ளும் கணிதம் இருக்கிறது. அதை அடுத்த படியில் பாருங்கள்.

வணிகவியலில் நான்காவது பாடமாகக் கணினிப் பயன்பாடுகளா, வணிகக் கணிதமா என்ற கேள்வி வரும். பட்டயக் கணக்காளர் ஆக நினைப்பவருக்கு வணிகக் கணிதம் உதவும். அந்தப் படிப்பின் முதல் நிலைத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் இருக்கின்றன. மற்றவர்களுக்குக் கணினிப் பயன்பாடுகள் போதும்.

5. புத்தகத்தைத் திறந்து ஒரு வாரம் பாருங்கள்

துணி வாங்கும்போது விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பை மட்டும் பெயரை வைத்து வாங்குகிறோம். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களை மூத்த மாணவர்களிடம் கேட்டால் தருவார்கள். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இயற்பியல் முதல் தொகுதியில் இயக்கவியல் பகுதியை எடுத்து வெக்டர் பற்றிய பத்துப் பக்கத்தைப் பிள்ளையே படிக்கட்டும். வேதியியலில் முதல் பாடத்திலேயே மோல் கணக்கு வரும். நான்கு கணக்கு போட்டுப் பார்க்கட்டும். கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுப் பதிவுகள் பகுதி. வரலாற்றில் ஏதேனும் ஒரு பாடம். எல்லாம் புரிய வேண்டியதில்லை. புரியாதபோது எரிச்சல் வருகிறதா, இன்னொரு முறை முயல வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண் இதைச் சொல்லாது. அங்கே ஒரே புத்தகத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. இங்கே ஒவ்வொன்றும் தனிப் பாடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொகுதி.

ஒரு மாணவியை மறக்க முடியாது. அப்பாவுக்கு ஓர் ஏக்கருக்கும் குறைவான தேயிலைத் தோட்டம். தோழிகள் எல்லாரும் அறிவியல் என்பதால் தானும் அறிவியல் என்று வந்தாள். சேர்க்கைக்கான தாள்களைப் பையிலிருந்து எடுக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு மேசையில் விழுந்தது. அது வீட்டுப் பசுந்தேயிலைக் கணக்கு. தொழிற்சாலைக்குப் போட்ட கிலோ ஒரு பக்கம், அதில் கழித்த கழிவு, வாங்கிய முன்பணம், உரத்துக்குப் போன தொகை மறுபக்கம். மாதக் கடைசியில் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுதியிருந்தாள். ஒரு மாதத்தில் பன்னிரண்டு ரூபாய் இடிக்கிறது என்று ஓரத்தில் கேள்விக்குறி. "இது யார் எழுதியது?" என்று கேட்டேன். "ஏழாவது படிக்கும்போதிருந்து நான்தான் சார் எழுதுகிறேன்" என்றாள். கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கொடுத்து அங்கேயே அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது எங்கள் நோட்டு மாதிரியே இருக்கிறது" என்றாள். அவள் வணிகவியலில் சேர்ந்தாள். பிள்ளை வீட்டில் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருக்கும் வேலை எது என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் அது இருக்காது.

6. மொழிப்பாடமும் பயிற்று மொழியும்

இவை இரண்டும் வெவ்வேறு. மொழிப்பாடம் என்பது முதல் தாள். பயிற்று மொழி என்பது நான்கு பாடங்களை எந்த மொழியில் படிப்பது என்பது.

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளத்தை மொழிப்பாடமாக எடுக்கலாமா என்ற கேள்வி வரும். அந்தப் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வீட்டில் படுகு மொழி பேசி வளர்ந்தவர்களும், கோத்தர், தோடர் பிள்ளைகளும் தமிழையே பள்ளியில் கற்றவர்கள் என்பதால் இங்கே சிக்கல் குறைவு.

பயிற்று மொழியில் மட்டும் அவசரம் வேண்டாம். பத்துவரை தமிழ் வழியில் படித்தவரைப் பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாற்றும் வழக்கம் பெருகியிருக்கிறது. கல்லூரிக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் பாடமும் புதிது, மொழியும் புதிது என்றால் முதல் ஆறு மாதம் பிள்ளை திணறும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிப் பணிக்கு இந்த மாற்றம் இடையூறு ஆகாது; பிளஸ் டூ, பட்டம் கேட்கும் பணிக்கு இடையூறாகும். தெரிந்து மாறுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

7. கீழே இறக்கிச் சேர்ப்பதற்கு முன்

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தவுடன் கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ தனியார் பள்ளி விடுதிக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. நகையை அடகு வைத்து அனுப்பியவர்களை அறிவேன். அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அனுப்பினால் எதை விடுகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. பழங்குடியினர் நலப் பள்ளியும், ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் அடங்கும். பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாறிவிட்டால், முந்தைய ஐந்து ஆண்டு அரசுப் பள்ளிப் படிப்பு இதற்குக் கணக்கில் வராது.

மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். தேயிலைத் தோட்டக் கூலி வீட்டுக்கு இந்தத் தொகை பெரிது. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது, "யாருமே சொல்லவில்லையே" என்ற பதிலையே கேட்டிருக்கிறேன்.

8. பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டியவை

இப்போது கையில் ஆறு வரித் தாள் இருக்கிறது. மே மாதம் ஒரு வேலை நாளில் போய்க் கேளுங்கள். சேர்க்கைக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கு யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

இந்த நான்கு பாடமும் ஒரே சேர்க்கையாக இங்கே உண்டா? தமிழ் வழியிலா, ஆங்கில வழியிலா? ஒவ்வொன்றுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா? மலைப் பள்ளிகளில் இடமாறுதல் அதிகம். பெயர்ப்பலகையில் குரூப் இருக்கும், இயற்பியலுக்கு ஆசிரியர் போன மாதம் மாறிப் போயிருப்பார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிக ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம். தலைமை ஆசிரியரும் அந்த இடம் நிரம்ப வேண்டும் என்றே காத்திருப்பார்.

அறிவியல் பிரிவு என்றால் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். செய்முறை 20 மதிப்பெண் அங்கிருந்துதான் வர வேண்டும். பியூரெட்டும் நுண்ணோக்கியும் பூட்டிய அலமாரியில் தூசியோடு இருக்கின்றனவா, மேசையில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது பஸ். காலை பஸ்ஸை எல்லாரும் பார்க்கிறார்கள், மாலை பஸ்ஸை யாரும் பார்ப்பதில்லை. பிளஸ் டூ வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு இருக்கும். அது முடிந்து கிளம்பினால் உங்கள் ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? இறங்கிய பிறகு வீட்டுக்கு எவ்வளவு நடக்க வேண்டும்? பந்தலூர்ப் பக்கம் அந்திக்குப் பிறகு யானை நிற்கும் தடம், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் இறங்கும் தேயிலை ஒற்றையடிப் பாதை. இதைப் பள்ளியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காலையில் சிறப்பு வகுப்பு வைக்க முடியுமா, அதே ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டால் வழி செய்து தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்காவிட்டால் பிள்ளை சிறப்பு வகுப்பைத் தானாக விட்டுவிடும். காரணம் யாருக்கும் தெரியாது.

மழையையும் கணக்கில் வையுங்கள். கூடலூர், குந்தா பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பெய்யும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் பெய்து மண் சரியும். மாவட்டம் முழுக்க விடுமுறை விட்டால் சிக்கலில்லை. உங்கள் சாலையில் மட்டும் மரம் விழுந்தால் பிள்ளைக்கு மட்டும் விடுப்பு விழும். வருகைப் பதிவு அக மதிப்பீட்டுக்குள் வருகிறது. அன்றே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லும் பழக்கம் வேண்டும்.

நல்ல பாடச் சேர்க்கை தொலைவில்தான் இருக்கிறது என்றால் விடுதி பற்றிக் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு உள்ளவையும் உண்டு, எம். பாலாடாவில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. பக்கத்தில் கிடைக்கும் தவறான பாடத்தைவிட, சற்றுத் தள்ளிக் கிடைக்கும் சரியான பாடம் மேல் என்பேன். பிள்ளையைப் பிரிய முடியாத வீட்டுச் சூழல் இருந்தால் அதையும் மதிக்கிறேன். அப்போது பக்கத்தில் கிடைக்கும் வேறொரு பாடச் சேர்க்கையைத் தாளில் இரண்டாவது விருப்பமாக எழுதிக்கொள்ளுங்கள்.

9. சேர்க்கை நாள்

தாளில் இரண்டு விருப்பம் வரிசையாக எழுதிக் கொண்டு போங்கள். மதிப்பெண், இட ஒதுக்கீடு அடிப்படையில் இடம் நிரம்பும். முதல் விருப்பம் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது இல்லாமல் வந்தவர்களுக்குத்தான் மிச்சம் இருப்பது எதுவோ அது கிடைக்கிறது.

பிள்ளையை நீங்களே நேரில் அழைத்து வாருங்கள். உறவினரிடம் கொடுத்து அனுப்பினால் அவர் தனக்குத் தெரிந்த குரூப்பைச் சொல்லிவிடுவார். விண்ணப்பத்தில் எழுதியதும் குரூப்பின் பெயரைப் பார்க்காமல் நான்கு பாடங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சான்றிதழ்களின் மூலத்தைக் காட்டி நகலைக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் மூலமாகப் போகும், அதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனவர்கள் மனம் உடைய வேண்டாம். துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் சேரலாம். முடிவு வந்த அன்றே துணைத் தேர்வுக்கான அறிவிப்பைப் பள்ளியில் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

10. முதல் நான்கு வாரம்

சேர்ந்த பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வேறு குரூப்பில் இடமிருந்தால் தொடக்க வாரங்களில் தலைமை ஆசிரியர் மாற்றித் தர முடியும். பெயர்ப்பட்டியல் மேலே போன பிறகு முடியாது. அதனால் முதல் நான்கு வாரம் பிள்ளையிடம் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு எந்தப் பாடத்தில் கை தூக்கினாய்?" மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், இன்னும் தேர்வே நடக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் இயற்பியல் கடினமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மாற்ற வேண்டாம். மூன்றாம் வாரத்திலும் நோட்டில் கணக்குப் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், பாட ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. "இந்த ஆண்டு ஓய்வு" என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். நீட், ஜே.இ.இ. (பொறியியல் நுழைவுத் தேர்வு) ஆகியவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் உண்டு. கணக்குப்பதிவியலில் பதினொன்றின் குறிப்பேடு தெரியாமல் பன்னிரண்டின் கூட்டாண்மைக் கணக்கு ஓடாது. ஜூன் மாதமே தனி ரெக்கார்டு நோட்டு வாங்கி, செய்முறை செய்த அன்றே எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். ஜூலை மழையில் நனைந்த ரெக்கார்டை முழுவதும் திரும்ப எழுதிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.